ஏ, ஆன், தி – பயம் வேண்டாம்!

நம்மில் பலரும் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். நானும் அப்படித்தான். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆளும் நான்தான்.

சில மாதங்களுக்கு முன் வேலைக்கான இன்டர்வியூ ஒன்றுக்குப் போயிருந்தேன். "அப்பா என்ன செய்கிறார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். "மை ஃபாதர் இஸ் ஃபார்மர்" என்றேன். "தம்பி, ஏ ஃபார்மர்" என்று ஒருவர் திருத்தினார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அடுத்து லேத் மிஷினைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாம் தெரிந்த கேள்விகள்தான். ஆனால் எனக்கு வாயே வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. அந்த ஒரு எழுத்து என்ன என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1. ஏ – ஆன்

இது நமக்குப் புதிதே இல்லை. ‘ஒரு வயல்’, ‘ஓர் ஊர்’ என்று தமிழில் எழுதுகிறோம். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’. அதேபோல் இங்கிலீஷில் உயிர் ஒலிக்கு முன்னால் ‘ஆன்’. கல்லணைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரில் உள்ள ‘அனிகட்’ நம் ‘அணைக்கட்டு’தான். அதற்கும் ‘ஆன் அனிகட்’ என்றே வரும்.

ஆனால் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். ‘அவர்’ (மணி நேரம்) என்ற சொல்லின் முதல் எழுத்து ‘எச்’. வாயில் வருவதோ ‘அ’. ஆகவே ‘ஆன் அவர்’. ‘யூனியன்’ என்ற சொல்லின் முதல் எழுத்து ‘யு’, அது உயிரெழுத்து. ஆனால் ஒலி ‘ய’. ஆகவே ‘ஏ யூனியன்’. ஒர்க் ஷாப்பில் ‘ஆன் ஐ-பீம்’, ‘ஏ யூ-போல்ட்’. சர்டிபிகேட் என்றால் ‘ஆன் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்’.

2. தி

எங்கள் அப்பாயி கதை சொல்லும்போது, "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான்" என்று ஆரம்பிக்கும். அடுத்த வரியில் "அந்த ராஜாவுக்கு" என்று வந்துவிடும். முதல் தடவை ‘ஏ கிங்’, அடுத்த தடவை ‘தி கிங்’. அவ்வளவுதான்!

இன்னொன்று பாருங்கள். "அப்பா மாடு வாங்கினார்" என்றால் ஏதோ ஒரு மாடு, ‘ஏ கவ்’. "அப்பா மாட்டை வாங்கினார்" என்றால் நாம் முன்பே பேசி வைத்த மாடு, ‘தி கவ்’. தமிழில் ‘ஐ’ உருபு செய்கிற வேலையை அங்கே ‘தி’ செய்கிறது.

கேட்பவருக்கு எது என்று தெரிந்தால் ‘தி’. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்த பிறகு நம் ஊரில் "தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டால், எந்தத் தண்ணி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது ‘தி வாட்டர்’.

ஆற்றின் பெயருக்கு முன் ‘தி’ உண்டு: தி காவேரி, தி வெண்ணாறு. ஊர்ப் பெயருக்கு இல்லை: தஞ்சாவூர், கும்பகோணம்.

3. எண்ண முடியாதவை

‘ஒரு தண்ணி’, ‘ஒரு நெல்லு’ என்று நாம் சொல்வதில்லை. ஒரு குடம் தண்ணி, ஒரு மூட்டை நெல் என்கிறோம். இங்கிலீஷிலும் ‘ஏ வாட்டர்’ கிடையாது, ‘ஏ பாட் ஆஃப் வாட்டர்’தான்.

4. தமிழ் நம்மை ஏமாற்றும் இடம்

"எங்க அப்பா விவசாயி." இதில் ‘ஒரு’ கிடையாது, தேவையும் இல்லை. அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன், மாட்டிக்கொண்டேன். இன்னார் இன்ன தொழில் செய்கிறவர் என்று சொல்ல அங்கே ‘ஏ’ கட்டாயம்: ஏ ஃபார்மர், ஏ டெய்லர், ஆன் எலக்ட்ரீஷியன். இந்த ஓர் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பயிற்சி (கோடிட்ட இடத்தை நிரப்புக)

(அ) மை பிரதர் இஸ் ___ இன்ஜினியர்.
(ஆ) ஐ பாட் ___ ஐ.ஆர். 20 சீட் பேக்.
(இ) ___ காவேரி ஃப்ளோஸ் இன்டு ___ பே ஆஃப் பெங்கால்.
(ஈ) ஐ ஆம் ___ ஃபர்ஸ்ட் பெர்சன் இன் மை ஃபேமிலி டு ஸ்டடி இன் ___ பாலிடெக்னிக்.

விடை: (அ) ஆன் (ஆ) ஆன் (இ) தி, தி (ஈ) தி, ஏ.

முதலாவது என்பது ஒன்றுதான் இருக்க முடியும், அதனால் ‘ஃபர்ஸ்ட்’டுக்கு முன்னால் ‘தி’. கடைசி வாக்கியத்தை அடுத்த இன்டர்வியூவில் சொல்வதற்காகவே பழகி வைத்திருக்கிறேன். அப்பா என்ன செய்கிறார் என்று மறுபடி கேட்டால், ‘ஏ ஃபார்மர்’ என்று சத்தமாகவே சொல்வேன்.

நண்பர்களே, தப்பு வந்தாலும் பேசுங்கள். இலக்கணம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை