கறுப்புக்குப் பெயர் வைக்க முன்



நீர் அனுப்பிய எழுவைதீவுச் செய்மதிப் படம் கிடைத்தது. நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறீர். பரவாயில்லை, எல்லாரும் செய்கிறதுதான். தீவை ஒட்டிக் கிடக்கும் கறுப்பை 'ஆழமான கடல்' என்று குறித்திருக்கிறீர். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதே பிழையை நானும் விட்டவன். அச்சடித்த தாளோடு துறைக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதிலை இடுப்பளவு தண்ணிதான். இது சாதாழை" என்றவர், கரையொதுங்கிக் காய்ந்து கிடந்த பழுப்பு நாடாக்களைக் காலால் தட்டிக் காட்டினார். வெண்மணல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், சாதாழை என்ற அந்தக் கடற்புல் விழுங்கிவிடும். பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல் என்பதால், தெளிந்த நாளில் அடித்தரையும் சேர்ந்தே படத்தில் விழுகிறது.

அதனால் ஒரு படத்தை நம்பாதேயும். சென்ரினல்-2 செய்மதிகள் சேர்ந்து ஐந்து நாளுக்கொருமுறை, காலை பத்தரை மணியளவில் நம் தலைக்கு மேலால் போகும். சோளகக் காலப் படத்தையும் வாடைக் காலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையும். அசையாமல் கிடப்பது பெரும்பாலும் அடித்தரை. இடம் மாறினால் கலங்கல். மேகத்துக்கு மேற்குப் பக்கமாக, அதே வடிவில் கிடந்தால் வெறும் நிழல். காலை வெயில் அல்லவா.

மாரியில் இந்த வித்தையும் பலிக்காது. 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவி போன்ற புயல் நாட்களில் படம் முழுக்க வெறும் பஞ்சுதான். அப்போது சென்ரினல்-1 செய்மதியின் ராடர் கைகொடுக்கும். மேகம் அதற்குத் தடையில்லை. ஆனால் அங்கே கறுப்புக்குப் பொருள் வேறு: காற்றடித்துச் சுருக்கம் விழுந்த கடல் வெளிறித் தெரியும், அசையாத தண்ணீர்தான் கறுக்கும்.

இன்னொன்று. சென்ரினல்-2இன் ஒரு புள்ளி பத்து மீற்றர். நம் பைபர் படகு அதில் பாதிக்குச் சற்றுக் கூட. படகுகளை எண்ணி அனுப்பும்படி யாரும் கேட்டால், முடியாது என்று நேரே சொல்லும்.

அடுத்த கிழமை ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறும்போது படத்தைப் பெரிதாக அச்சடித்து, பொலித்தீன் உறையில் போட்டு எடுத்து வாரும். போனமுறை என்னுடையது பாதி வழியிலேயே நனைந்து போச்சு.