உலகளாவிய மதிப்பும் ஓர் ஊரின் வரலாறும்: செஞ்சிக் கோட்டையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலகிற்குப் பொதுவான அளவுகோல் ஓரிடத்தைக் காக்கவும் செய்கிறது. அதன் வரலாற்றைச் சுருக்கவும் செய்கிறது. உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றுள்ள செஞ்சிக் கோட்டையைச் சான்றாகக் கொண்டு இவ்விரு விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சிக் கோட்டை, உலக மரபு, யுனெஸ்கோ, தேசிங்குராஜன் கதை

முன்னுரை

யுனெஸ்கோவின் உலக மரபு உடன்படிக்கை 1972இல் உருவானது. இந்தியா அதனை 1977இல் ஏற்றது. பாரிசில் நடைபெற்ற உலக மரபுக் குழுவின் 47ஆவது அமர்வு, 2025 சூலை 11 அன்று, ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் தொடர்ப்பதிவில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி.

பொது அளவுகோலின் நன்மைகள்

பட்டியலில் இடம்பெறும் இடம் ‘சிறப்புமிகு உலகளாவிய மதிப்பு’ உடையதாக இருத்தல் வேண்டும். மெய்ம்மை, முழுமை, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியனவும் நிறுவப்பட வேண்டும். எல்லை வரையறை, மேலாண்மைத் திட்டம், காலமுறை அறிக்கை ஆகியவற்றை இந்நெறி எதிர்பார்க்கிறது. செஞ்சிக்கு இது இன்றியமையாதது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதில்களே இக்கோட்டையின் உயிர்நிலை. தனிக் கட்டடங்களை மட்டும் காப்பது போதாது. மேலும், இந்நெறிக்குக் கண்டிப்பும் உண்டு. எல்பே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்பட்டமையால் செருமனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு 2009இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பொது அளவுகோலின் குறைகள்

தொடர்ப்பதிவுக்கு ஒரு பொருண்மை தேவை. செஞ்சிக்கு வாய்த்த பொருண்மை மராத்தியர் போர்க்கலை. சிவாஜி 1677இல் இக்கோட்டையைக் கைப்பற்றினார். இராஜாராம் இங்கிருந்தே முகலாயரை எதிர்கொண்டார். 1698இல் கோட்டை முகலாயர் வசமாயிற்று. ஏறத்தாழ 21 ஆண்டுகள் கொண்ட இக்காலம் முக்கியமானதே. ஆயினும் கோனார் மரபினர் தொடக்கம் எனக் கூறும் வழக்கும், நாயக்கர் ஆட்சியும், 1649 முதலான பீசப்பூர் ஆட்சியும், ஆர்க்காட்டு நவாபும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைக்கொண்டமையும் பதிவின் பெயருக்கு வெளியே நிற்கின்றன. கல்யாண மகால், களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி ஆகியவற்றை ஒரே பெயரில் அடக்குதல் அரிது.

உள்ளூர் நினைவும் ஓர் அளவுகோலே

உலக அளவுகோல் தேர்ந்தெடுக்கிறது. உள்ளூர் நினைவு அனைத்தையும் காக்கிறது என முடிவு கட்டுவதும் பொருந்தாது. தமிழ் மக்களின் செஞ்சி பெரிதும் தேசிங்குராஜனின் செஞ்சியாகும். 1714இல் நவாபின் படையுடன் பொருது மாண்ட தேஜ்சிங், புந்தேலா இராசபுத்திர மரபினன். அவன் ஆண்ட காலமோ மிகக் குறுகியது. எனினும் கதைப்பாடல் அவனையே நிலைநிறுத்தியது. மூன்று குன்றுகளையும் அரணாக வளர்த்த நாயக்கர்களைப் பற்றி அத்தகைய பரவலான கதைப்பாடல் எழவில்லை. பாரிசு போர்க்கலையின் வகைமையைத் தேர்ந்தது. கதைப்பாடல் வீரச்சாவையும் மகமத்கானுடனான நட்பையும் தேர்ந்தது. இரண்டும் தேர்வுகளே.

அளவுகோலின் நெகிழ்வு

பொதுநெறி மாறாத ஒன்றன்று. மெய்ம்மையை அவ்வப் பண்பாட்டுச் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும் என 1994இல் சப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம் வலியுறுத்தியது. மரக்கோயில்களைப் புதுப்பித்துப் பேணும் மரபு கல் கட்டடம் சார்ந்த ஐரோப்பியக் கருத்தாக்கத்தை மறுபரிசீலனை செய்வித்தது. எனவே, வலுவான உள்ளூர்ச் சான்று பொதுநெறியையே திருத்தவல்லது.

முடிவுரை

பாதுகாப்பு நெறியில் பொதுமையும், பொருள் விளக்கத்தில் பன்மையும் தேவை என்பது இவ்வாய்வின் முடிபு. மதிலைப் பேணும் முறைக்கு உலகத் தரம் பயன்படும். அம்மதிலுக்குரிய கதையை ஒரு காலத்தோடு நிறுத்துதல் தகாது. செஞ்சியின் விளக்கப் பலகைகளிலும் மேலாண்மைத் திட்டத்திலும் எல்லாக் காலப் படிவங்களும் இடம்பெற வேண்டும். அதற்குரிய கல்வெட்டு, சுவடி, கதைப்பாடல் சான்றுகளை ஒப்பிட்டுத் தருவது தமிழாய்வாளரின் உடனடிப் பணியாகும்.