பழைய சேஸிக்குப் புதிய எஞ்சின்: எதை முதலில் தொடுவது?

கேள்வி: ஐயா, மொனராகலையில் ஒரு இறப்பர் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வீடு பசறையில். அப்பா பாவித்த ஹொண்டா சி 90 தான் இப்போதும் என்னிடம் இருக்கிறது. 6 வோல்ட் காலத்து வண்டி. சேஸி நன்றாக இருக்கிறது, எஞ்சின்தான் புகைக்கிறது. மனைவியையும் ஏற்றிக்கொண்டு பசறைக்கு ஏறும்போது முதலாம் கியரிலேயே திணறுகிறது. சீனத் தயாரிப்பு 125 சிசி எஞ்சின் ஒன்று இதற்கு நேராகப் பொருந்தும் என்கிறார் எங்கள் கராஜ் பாஸ். முன்னுக்கு வேறு வண்டியின் ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும், பின்னுக்கு உயரமான ஷொக்கும் போட்டால் புது வண்டி மாதிரி ஓடுமாம். வண்டியை விற்க மனமில்லை. இதைச் செய்யலாமா? செய்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், மொனராகலை

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் பாஸ் சொன்ன வரிசையைத் தலைகீழாக்கிச் செய்யுங்கள். முதலில் சேஸி, அடுத்து பிரேக், அதன் பிறகு ஷொக், கடைசியில்தான் எஞ்சின். எஞ்சின் உங்களைப் பசறைக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து உங்களையும் மனைவியையும் பத்திரமாக மொனராகலைக்கு இறக்க வேண்டியவை பிரேக்கும் ஃபோர்க்கும் சேஸியும்தான். ஊவாவில் எந்த ஏற்றத்துக்கும் ஓர் இறக்கம் உண்டு. ஆகவே வண்டியை இறக்கத்துக்காகத் தயார் செய்யுங்கள்.

உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைப் பாதுகாத்து ஓட்டுவது பலருக்கு ஒரே வழியாக இருந்தது. 2022இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று தொடங்கியபோது, உங்கள் சி 90 போலச் சிக்கனமாக ஓடும் ஹொண்டா கப்பின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அப்படிப்பட்ட வண்டியைக் காப்பாற்ற நினைப்பது நல்ல விஷயம். சரியாகக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பலம் எங்கே இருக்கிறது?

ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொன்றின் சேஸியில் வைப்பது புதிய வேலை அல்ல. 1950களிலும் 60களிலும் இங்கிலாந்து இளைஞர்கள் ட்ரயம்ஃப் எஞ்சினை நோர்ட்டன் சேஸியில் பூட்டி ‘ட்ரைட்டன்’ என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். அவர்கள் தேடிப் போனது சேஸியை. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த மெக்கண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்து, 1950இல் நோர்ட்டன் பந்தய வண்டிகளில் வந்த ‘ஃபெதர்பெட்’ சேஸி வளைவுகளில் அசையாமல் நின்றது. அந்தப் பலமான சேஸிக்கு, சுலபமாக வேகம் கூட்டக்கூடிய எஞ்சினைத் தேர்ந்து வைத்தார்கள்.

நீங்கள் செய்யப்போவது இதற்கு நேர் எதிர். 50, 70, 90 சிசி எஞ்சின்களுக்காக வடிவமைத்த மெல்லிய தகட்டுச் சேஸிக்குள் கூடுதல் பலமுள்ள எஞ்சின் வருகிறது. ஹொண்டாவே 2018இல் சூப்பர் கப் சி125 வண்டியை வெளியிட்டபோது பழைய சேஸியில் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. சேஸி, முன்பக்க டெலஸ்கோபிக் ஃபோர்க், டிஸ்க் பிரேக் எல்லாவற்றையும் அந்த எஞ்சினுக்கு ஏற்றபடி சேர்த்தே செய்தது. அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸி: கண்ணை நம்ப வேண்டாம்

‘சேஸி நன்றாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெயின்ட் நன்றாக இருக்கிறதா, தகடு நன்றாக இருக்கிறதா? கப் சேஸி இரண்டு தகடுகளை அழுத்திப் பொருத்திய கூடு. ஊவா மழையில் பின்சக்கரம் வீசும் சேறும் நீரும் உள்ளே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

எஞ்சினைக் கழற்றி, சீற், பற்றரிப் பெட்டி, பின்சக்கரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெரிய ஸ்க்ரூ டிரைவரின் முனையால் நான்கு இடங்களை அழுத்திக் குத்திப் பாருங்கள்: பற்றரிப் பெட்டியின் அடிப்பகுதி, பின் ஷொக்கின் மேல் போல்ட் சுற்று, ஸ்விங் ஆர்ம் அச்சுச் சுற்று, எஞ்சின் போல்ட்டுகள் போகும் இடம். முனை உள்ளே இறங்கினாலோ தகடு அமுங்கினாலோ அந்தச் சேஸி 125க்கு வேண்டாம். தலைப்பகுதியிலும் எஞ்சின் பிடியிலும் வீதியோரத்து ஆர்க் வெல்டிங்கில் ஒட்டுப்போடவே கூடாது. மெல்லிய தகடு சூட்டில் கருகி, வெல்டிங் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும்.

அடுத்து நூல் பரிசோதனை. வண்டியை நேராக நிறுத்தி, நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, இரு பக்கமும் முன் டயர் வரை இழுத்துப் பிடியுங்கள். ஹாண்டில் நேராக இருக்கும்போது இரண்டு நூலுக்கும் முன் டயருக்கும் இடையிலான இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் சேஸியோ, ஸ்விங் ஆர்மோ, ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி ஹாண்டிலை மெல்ல இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று விழுந்து நின்றால் தலைப் பெயாரிங் தேய்ந்துவிட்டது. எந்த எஞ்சின் போட்டாலும் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

முன்பக்கம்

உங்கள் வண்டியின் முன்பக்கம் லீடிங் லிங்க் வகை. முன் பிரேக் பிடித்தால் மூக்கு கீழே போகாமல் மேலே எழும்பும். டெலஸ்கோபிக் ஃபோர்க் போட்டால் அது தாழும். பழகிய கைக்கு இதுவே பெரிய வித்தியாசம். அதோடு கப்பின் ஹாண்டில், ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர் எல்லாம் ஒரே தகட்டுக் கூட்டில் ஃபோர்க்கின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. ஃபோர்க்கை மாற்றினால் இவை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வேறு வண்டியின் ஃபோர்க் என்றால் தலைக்குழாய்க்குள் போகும் தண்டின் நீளம், விட்டம், பெயாரிங் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நல்ல லேத் பட்டறையில் முழுத் தண்டாகக் கடைந்து அழுத்திப் பொருத்த வேண்டும். தண்டை வெட்டி நீட்டி வெல்ட் அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் நின்றுபோனால் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். இறக்கத்தில் ஃபோர்க் தண்டு உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

என் ஆலோசனை: இப்போது இருக்கும் லீடிங் லிங்கின் புஷ்களையும் சிறிய ஷொக்குகளையும் புதிதாக மாற்றி, டிரம்மைக் கடைந்து வட்டமாக்கி, நல்ல பிரேக் ஷூ போடுங்கள். டிஸ்க் வேண்டுமென்றால் கப் குடும்பத்து வண்டி ஒன்றின் முழு முன்பக்கத்தையும் தேடுங்கள். ஃபோர்க், சக்கரம், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே வண்டியினுடையதாக இருக்கட்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்து லீவரை வெறுமையாக்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

பின் ஷொக்: உயரம் ஓர் ஆபத்து

பின்பக்கம் உயர்ந்தால் வண்டி முன்னோக்கிச் சாயும். ஃபோர்க்கின் சாய்வு குறைந்து ஹாண்டில் படபடக்கத் தொடங்கும். இறக்கத்தில் பாரமும் முன்னுக்குத் தள்ளும்போது இது இன்னும் மோசமாகும். பழைய ஷொக்கின் இரண்டு துளைகளுக்கு இடையிலான நீளத்தை அளந்து, அதே நீளத்தில் புதியதை வாங்குங்கள். பெரிய வண்டியின் ஷொக் உங்கள் கப்புக்கு இரும்புக் கம்பி போல இறுகி நிற்கும். பள்ளத்தில் சக்கரம் வீதியை விட்டுத் தூக்கும், அந்த அடியெல்லாம் சேஸியின் தகட்டுக்குப் போகும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷொக் தன் மொத்த ஓட்டத்தில் காற்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் ஸ்பிரிங் சரி.

இனி எஞ்சின்

பாஸ் சொன்னது உண்மை. படுத்த சிலிண்டர் 125 எஞ்சின்கள் ஹொண்டாவின் அச்சைப் பின்பற்றியவை, பெரும்பாலும் அதே இரண்டு போல்ட்டில் தொங்கும். கப்பில் எஞ்சினைச் சேஸியோடு பிடிப்பவை அந்த இரண்டு நீண்ட போல்ட்டுகள் மட்டுமே. துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எஞ்சின் அசையும், துளை ஓரம் வெடிக்கும். புதிய போல்ட்டும் பூட்டு நட்டும் போடுங்கள். பூட்டுவதற்கு முன் இந்த நான்கையும் பாருங்கள்:

1. செயின். 420, 428 இரண்டிலும் பல் இடைவெளி ஒன்றே, 12.7 மில்லிமீற்றர். அகலம் வேறு. அதனால் 420 ஸ்புரோக்கட்டில் 428 செயின் உட்கார்ந்துவிடும், ஆனால் ஆடும். இரண்டு ஸ்புரோக்கட்டும் செயினும் ஒரே அளவாக, ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும்.

2. கியர் முறை. புதிய எஞ்சினில் கியர் விழும் திசையோ வரிசையோ வேறாக இருக்கலாம். இறக்கத்தில் பழக்கத்தில் மிதித்து, கியரைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் எஞ்சின் பிரேக் போய்விடும். வாங்கும்போதே கேட்டு, முடிந்தால் கப் போலவே கிளட்ச் லீவர் இல்லாத வகையை எடுங்கள்.

3. மின்சாரம். 6 வோல்ட்டிலிருந்து 12க்குப் போகும்போது பற்றரி, ரெகுலேட்டர், எல்லா பல்புகள், ஹோர்ன், சிக்னல் ரிலே அனைத்தும் மாற வேண்டும். ஒன்றை விட்டாலும் அது கருகும். ஆனால் பலனும் பெரிது. மொனராகலைப் பக்கத்து வீதிகளில் இரவில் யானை நிற்கலாம், அதைத் தூரத்திலேயே காட்டும் வெளிச்சம் கிடைக்கும்.

4. ஸ்புரோக்கட் கணக்கு. முன் ஸ்புரோக்கட் 14 பல்லிலிருந்து 13 ஆனால் கியர் ஏறக்குறைய 7 சதவீதம் தாழும். ஏற்றத்தில் இழுவை கூடும், இறக்கத்தில் எஞ்சின் பிடிமானமும் கூடும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அது உங்கள் வீதிக்குத் தேவையில்லை.

காகித வேலையை ஸ்பானருக்கு முன் முடியுங்கள்

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம், சிசி மூன்றும் இருக்கின்றன. எஞ்சினை மாற்றினால் இரண்டு மாறுகின்றன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து அனுமதி பெற வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே திணைக்கள அலுவலகத்துக்குப் போய், என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் பதுளையில் வாங்கினாலும், எஞ்சின் இலக்கம் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் தூக்கி வராதீர்கள். இலக்கம் ராவப்பட்ட எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

பலர் கவனிக்காத விஷயம் சாரதி அனுமதிப்பத்திரம். 100 சிசி வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. உங்களிடம் ஏ1 மட்டும் இருந்தால் 125 எஞ்சின் பூட்டிய நாளிலிருந்து அனுமதி இல்லாமல் ஓட்டுகிறீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை என்றால் இழப்பீடு சிக்கலாகும், பின்னால் இருந்தவருக்கும் அதே கதிதான்.

முடிவாக

சேஸி சோதனையில் தேறினால், பிரேக், தலைப் பெயாரிங், புஷ், ஷொக், டயர் இவற்றை முதலில் முடியுங்கள். இருக்கும் 90 எஞ்சினை போர் அடித்து, புதிய பிஸ்டன், ரிங், வால்வு சீல் போட்டு, முன் ஸ்புரோக்கட்டில் ஒரு பல் குறைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். புகைக்கும் எஞ்சின் தன் பலத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டது, உங்கள் திணறலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்போது அனுமதிப்பத்திரமும் மாறாது, பதிவும் மாறாது.

அதற்குப் பிறகும் இருவரோடு ஏற்றம் போதவில்லை என்றால், காகிதத்தை முடித்து 125 பூட்டுங்கள். முதல் 100 கிலோமீற்றரை மொனராகலைச் சமவெளியில் தனியாக ஓட்டுங்கள். எல்லா போல்ட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, அசைந்திருக்கிறதா என்று பாருங்கள். 500 கிலோமீற்றரில் எஞ்சின் பிடியையும் தலைக்குழாயையும் கழுவித் துடைத்து, வெடிப்பு உண்டா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகே மனைவியை ஏற்றுங்கள்.

சேஸி சோதனையில் தேறாவிட்டால், எவ்வளவு நல்ல எஞ்சின் கிடைத்தாலும் அதில் வைக்காதீர்கள். அப்பாவின் வண்டியைத் துடைத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வீதிக்கு வேறொன்றைத் தேடுங்கள்.