மூலக்கூறும் காந்தமாகும்

நுழையும்முன்

இரும்புத் துண்டு காந்தமாவதை அறிவோம். ஒரேயொரு மூலக்கூறு தனித்து நின்று காந்தமாகுமா? ஆகும் என்கிறது வேதியியல். கடுகினும் நுண்ணிய இடத்தில் பெருஞ்செய்தியைச் சேமிக்கும் கனவு இவ்விடையில் அடங்கியுள்ளது.

திசையறிந்த தமிழர்

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். சர் சி.வி. இராமனுடன் ஒளிச்சிதறலை ஆராய்ந்த அவர், 1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்தப் பண்பை நுணுகி அளந்தார். படிகங்கள் பல, எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகக் காந்தத்திற்கு இணங்குவதில்லை. இத்திசையொவ்வாப் பண்பே மூலக்கூறு காந்தங்களின் உயிர்நாடி.

ஈனிகளின் பணி

எலக்ட்ரான் இணையை ஈந்து உலோக அயனியைச் சூழ்ந்து நிற்பவை ஈனிகள். லாந்தனைடு வரிசையைச் சேர்ந்த டிஸ்ப்ரோசியம் அயனியின் 4எஃப் எலக்ட்ரான் முகில், காந்தத்திசை உறுதிபெறும் நிலையில் அப்பம்போல் தட்டையானது. அதன் மேலும் கீழும் வலிய ஈனிகளை நிறுத்தினால், முகில் அவற்றினின்று விலகி நடுத்தளத்தில் படியும். காந்தத்திசையைப் புரட்டுவது அரிதாகும். பக்கவாட்டில் வலிய ஈனிகள் நெருங்கினாலோ அவ்வுறுதி தளரும். ஆகவே, உலோகத்தை மாற்றாமல் ஈனியை மாற்றியே காந்தத்தைத் திருத்தலாம்.

வளர்ந்த வரலாறு

2003ஆம் ஆண்டு ஜப்பானின் இஷிகாவா குழுவினர், இரு தட்டையான தாலோசயனின் ஈனிகளுக்கிடையே ஒற்றை டெர்பியம் அயனியை அமைத்து வழிகாட்டினர். 2016ஆம் ஆண்டு மும்பை ஐ.ஐ.டி.யின் முருகவேல், இராசாராமன் ஆகியோரின் குழு, டிஸ்ப்ரோசியத்தின் மேலும் கீழும் பாஸ்பரஸ் கொண்ட ஈனிகளையும் நடுவே ஐந்து நீர் மூலக்கூறுகளையும் அமைத்தது. வலிமை குன்றிய ஈனியாகிய நீர் நடுத்தளத்தில் நின்றதால் காந்த உறுதி குலையவில்லை. அச்சேர்மம் காற்றிலும் சிதையாதது. எனினும் அதன் காந்த நினைவு ஏறத்தாழ 12 கெல்வின் அளவிலேயே நின்றது. 2018ஆம் ஆண்டு பருத்த கரிம வளையங்கள் இரண்டினிடையே டிஸ்ப்ரோசியத்தைப் பொதிந்தபோது, அந்நினைவு 80 கெல்வினை எட்டியது. நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினை அது கடந்ததால், விலைமிகு திரவ ஹீலியத்தின் தேவை நீங்கியது. ஆயினும் அச்சேர்மம் காற்றும் ஈரமும் பட்டால் சிதையும். வெப்பத்தையும் காற்றையும் ஒருங்கே தாங்கும் ஈனியைக் கண்டறிவதே இனிவரும் வேதியியலார்முன் உள்ள பணி.

தெரிந்து தெளிவோம்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட், லாந்தனைடுகளின் தாது. அதில் சீரியம் மிகுதி. டிஸ்ப்ரோசியம் மிகக் குறைவு.

கற்பவை கற்றபின்

1. ஈனியின் இடம் மாறினால் காந்த உறுதி மாறுவது ஏன்? விளக்குக.
2. கே.எஸ். கிருஷ்ணனின் அறிவியல் பணி குறித்து வகுப்பில் உரையாற்றுக.