காது மெஷினும் அருவிச் சத்தமும்



தென்காசிப் பக்கம் குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்பது: "காது மெஷின் போட்டா ஒரே இரைச்சலு, கழட்டி வச்சிட்டேன்." அப்புறம் அந்த அம்மா கூட்டத்துக்கே வருவதில்லை.

ஒரே மைக் உள்ள சாதாரண மெஷின் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் கூட்டும். காதுக்குப் பின்னால் மாட்டும் பல மெஷின்களில் இப்போது 2 மைக் உண்டு. எதிரே பேசுவது முன் மைக்குக்கும், முதுகுப்பக்கச் சத்தம் பின் மைக்குக்கும் இம்மியளவு முந்தி வந்து சேரும். அதை வைத்துத்தான் மெஷின் பின்சத்தத்தைக் குறைக்கிறது.

ஆகவே, குற்றாலம் போனால் அருவிக்கு முதுகு காட்டி அவர்களை உட்கார வையுங்கள். நாம் எதிரே, கிட்டப்போய், முகம் பார்த்துப் பேசுவோம். கூட்டத்திலும் அப்படியே. மெஷின் வாங்கும்போது, "இதுல 2 மைக் இருக்கா?" என்று கேளுங்கள்.