குறட்டை: கொடுத்துவைத்த தூக்கமா?

சரக்கு, விலை, வரி என்றே பேசி வருகிற நாம் இம்முறை உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். அதிலும், உடையவருக்குக் கேட்காமல் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற குறட்டையைப் பற்றி.

"கொடுத்துவைத்த மனிதர், படுத்ததும் குறட்டை விடுகிறார்" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். குறட்டை வந்தால் நல்ல தூக்கம் என்ற எண்ணத்தில் வந்த பேச்சு அது. மூச்சு போகும் வழி குறுகிவிட்டதால் எழும் சத்தமே குறட்டை என்கிறது மருத்துவம். பலருக்கு அது சத்தத்தோடு நின்றுவிடும். சிலருக்கோ மூச்சே நின்று நின்று வரும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் இன்றைய பாடம்.

சத்தம் எப்படி உண்டாகிறது?

லாரியில் தார்ப்பாய்க் கட்டு தளர்ந்தால், வண்டி வேகமெடுக்கும்போது காற்றில் படபடவென்று அடிக்கிறதல்லவா? அதே கதைதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும்போது மேலண்ணத்தின் மென்மையான பகுதியும் உள்நாக்கும் அதிர்கின்றன. மூக்கடைப்பு, கழுத்தில் சேர்ந்த கொழுப்பு, மது, தூக்க மாத்திரை எல்லாம் இதைக் கூட்டும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு வீக்கமே காரணம்.

வழி முழுவதும் அடைபட்டால், நெஞ்சு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே போகாது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடும். இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை அலறி எழுப்பும். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். தூங்கியவருக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது. இப்படி ஓர் இரவில் நூறு இருநூறு முறை நடந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் உடம்பு ஓய்ந்திருக்காது. இதற்கு உறக்க மூச்சுத் தடை என்று பெயர்.

இது எங்கே கொண்டுபோய் விடும்?

மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்பு உண்டு. இந்தித் திரையுலகின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பப்பி லஹரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் காலமானபோது, இந்த மூச்சுத் தடையையே மருத்துவர்கள் காரணமாக அறிவித்தார்கள்.

அடுத்தவர் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஒரு பயணிகள் ரயில் வளைவில் கவிழ்ந்து 4 பேர் இறந்தனர். மணிக்கு 30 மைலில் போக வேண்டிய இடத்தில் ரயில் 82 மைலில் போனது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்றும், அவருக்குக் கண்டுபிடிக்கப்படாத உறக்க மூச்சுத் தடை இருந்தது என்றும் விசாரணையில் தெரிந்தது. திண்டிவனம் வழியாக இரவோடு இரவாகச் சென்னைக்குச் சரக்கு அனுப்புகிற நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். லோடுக்குத் தார்ப்பாய் சரியா, டயர் சரியா என்று பார்க்கிறோம். ஓட்டுநர் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறாரா என்று பார்க்கிறோமா?

எட்டுக் கேள்விகள்

அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கு உதவியாக, கனடாவின் டொரன்டோ நகர மருத்துவர்கள் 2008-இல் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் அது பயன்படுகிறது. 'ஆம்' என்பதற்கு ஒரு மதிப்பெண்.

1. மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா?
2. பகலில் அடிக்கடி சோர்வும் தூக்கமும் வருகிறதா?
3. தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்ததுண்டா?
4. இரத்த அழுத்தம் உண்டா, அதற்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?
5. உடல் எடைக் குறியீடு 35-க்கு மேலா? (165 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 95 கிலோவுக்கு மேல்.)
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா?
8. ஆணா?

இரண்டு வரை வந்தால் ஆபத்து குறைவு. மூன்று, நாலு நடுத்தரம். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் தாமதிக்கக் கூடாது. நம்மில் பலர் அழுத்தம், வயது, ஆண் என்ற மூன்றிலேயே மூன்று மதிப்பெண் வாங்கிவிடுவோம். நம் நாட்டவருக்கு 35-ஐவிடக் குறைந்த எடைக் குறியீட்டிலும் இந்நோய் வருவதுண்டு. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் இது கூடுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்லக் கூச்சப்படுவதால் களைப்பு, தூக்கமின்மை என்றே வைத்தியம் நடந்துவிடுகிறது.

நம் தொழிலும் நம் சாப்பாடும்

காலை முதல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி, கணக்கு முடித்து, பத்தரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுக்கிறோம். நிறைந்த வயிறு மூச்சை அழுத்தும். புளித்த நீர் மேலேறித் தொண்டையை அரிக்கும்.

எங்கள் மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ள ஊர். சமணப் பெருமக்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது இங்கே வழிவழியாக வரும் ஒழுக்கம். இருட்டில் சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்ற கொல்லாமையே அதன் அடிப்படை. ஆனால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே நல்ல இடைவெளி என்ற இலாபமும் அதில் கிடைத்துவிடுகிறது. கடை வைத்திருப்பவருக்கு அவ்வளவு சீக்கிரம் முடியாதுதான். ஏழரை மணிக்கு வீட்டிலிருந்து வரும் டிபனைக் கடையிலேயே முடித்துக்கொள்வது எல்லாருக்கும் முடியும்.

செலவில்லாதது முதலில்

ஒருக்களித்துப் படுப்பது முதல் மருந்து. மல்லாந்து புரளும் பழக்கம் உள்ளவர்கள் பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பந்தை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். தலைமாட்டைச் சற்று உயர்த்தலாம். இரவில் மதுவும், மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரையும் கூடாது. மூக்கடைப்புக்கு உரிய வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். எடை குறைந்தால் மூச்சுத் தடையும் குறையும். 90 கிலோ உள்ளவர் 9 கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இதோடு இரண்டு வாரத்துக்கு ஒரு சிட்டை போடுங்கள். சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், படுத்த விதம், வீட்டார் சொன்னது, காலையில் தலைவலியும் வாய் உலர்வும் இருந்ததா என்பவற்றை எழுதுங்கள். செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். மருத்துவரிடம் போகும்போது இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மருத்துவரிடம் போனால்

காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்க்கலாம். நம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தேவைப்பட்டால் ஓர் இரவு உறக்க ஆய்வு செய்வார்கள். மூச்சு, பிராணவாயு, இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். மணிக்கு 5 முதல் 14 முறை தடைபட்டால் இலேசு, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமை.

கடுமையானவர்களுக்குக் கைகொடுப்பது காற்றழுத்தக் கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் உலகுக்கு அறிவித்தது இது. மூக்கில் பொருத்திய முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்று செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்குகிறது. போட்டுக்கொண்டு தூங்கும் இரவில்தான் பலன், வாங்கிப் பரண்மேல் வைத்தால் பணம் முடங்கிய சரக்குதான். இலேசான நிலைக்குக் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல் கருவியும், சிலருக்கு அறுவையும் உண்டு. கடைகளில் விற்கும் ஒட்டுப்பட்டை மூக்கடைப்புக்கு மட்டும் ஓரளவு உதவும், மூச்சுத் தடையைத் தீர்க்காது.

எந்த அறுவைக்குப் போனாலும், "எனக்குக் குறட்டை உண்டு" என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தும் தொண்டையைத் தளர்த்தும் என்பதால் அவர் அதற்கேற்ப எச்சரிக்கையாக இருப்பார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இன்று இரவே வீட்டாரிடம், "தூங்கும்போது என் மூச்சு நிற்கிறதா, பார்த்துச் சொல்" என்று கேளுங்கள். சங்கத்தில் அடுத்த மருத்துவ முகாம் வைக்கும்போது, அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மேசையில் ஜவுளிக்கடை இஞ்சு டேப் ஒன்றும் இந்த எட்டுக் கேள்வித் தாளும் இருக்கட்டும். நம்மோடு நம் ஓட்டுநர்களையும் கடைப் பிள்ளைகளையும் அழைத்து வருவோம்.