எல்லைக்கு அப்பால் அச்சான இதழ்கள்: தஞ்சம் புகுந்த எதிர்ப்புக் குழுக்களை ஆராயும் முறை

அரசின் பிடிக்குத் தப்பி அயல் ஆட்சிப் பகுதியில் தஞ்சம் புகுந்து, அங்கிருந்து இதழ் நடத்திய குழுக்களின் எழுத்து ஓரிடத்திலும், அவற்றைப் பற்றிய அரசுக் கோப்புகள் வேறிடத்திலும் கிடக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே இவ்வாய்வின் அடிப்படை. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சுப் புதுச்சேரியில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியும், 1910இல் அங்கு வந்து சேர்ந்த அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் தமிழில் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு.

1. ஆட்சி எல்லைகளைக் குறித்தல்

முதலில் அக்கால வரைபடத்தை வரைந்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள குருபரப்பள்ளி அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதற்கு மேற்கே மைசூர் சமஸ்தானம், கிழக்கே கடற்கரையில் பிரெஞ்சுப் புதுச்சேரி. மைசூர் அரசும் 1908இல் செய்தித்தாள் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்ததால், குருபரப்பள்ளி வட்டாரத்து ஆய்வாளர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தோடு பெங்களூரிலுள்ள கர்நாடக ஆவணக் காப்பகத்தையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது.

2. இதழின் வரலாற்றைக் காலவரிசைப்படுத்தல்

பாரதி எழுதிவந்த ‘இந்தியா’ வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது. 1908இல் அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன் கைதானபின் இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதன் வரவு தடுக்கப்பட்ட நிலையில் 1910 மார்ச்சில் நின்றுபோனது. இத்தகைய இதழ்களில் தேதியைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ‘இந்தியா’ சனிக்கிழமைதோறும் வந்தது. சான்றாக, 1910 மார்ச் 12 சனிக்கிழமை; மேற்கோளில் காட்டப்படும் தேதி வேறு கிழமையில் விழுந்தால் அதை மூலத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது. தமிழாண்டில் தேதியிட்டிருந்தால் அதை ஆங்கில ஆண்டுக்கு மாற்ற வேண்டும்; எடுத்துக்காட்டாக, சௌமிய ஆண்டு 1909 ஏப்ரல் முதல் 1910 ஏப்ரல் வரையிலானது.

3. கண்காணிப்புக் கோப்புகளைப் படித்தல்

சென்னை அரசு, தமிழ், தெலுங்கு முதலிய மொழி இதழ்களின் சாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தயாரித்த ‘சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள்’ முதன்மையானவை. ஆனால், மொழிபெயர்த்த அலுவலர் ராஜத் துரோகம் எனத் தோன்றியவற்றையே பெரிதும் தேர்ந்தெடுத்தமையால், விளம்பரம், சந்தா அறிவிப்பு, வாசகர் கடிதம் போன்றவை அவற்றில் இடம்பெறுவது அரிது. இதழின் தொனியும் சாரத்தில் கரைந்துவிடும். டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகளில் சிலவற்றை ‘அபிலேக் படல்’ என்னும் இணையத் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். பிரெஞ்சு அதிகாரிகளின் பார்வைக்கு, எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் காப்பகத்தையும் நாட வேண்டும்.

4. மூலத்தை நாடுதல்

மூல இதழ்கள் முழுத் தொகுதியாக ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் தடைசெய்யப்பட்ட வெளியீடுகள் தொகுப்பிலும் தேடலாம். இளசை மணியன், சீனி. விசுவநாதன் போன்றோரின் தொகுப்புகள் நல்ல நுழைவாயில். எனினும், இயன்றவரை மூலப் பக்கத்தைக் கண்டபின் மேற்கோள் காட்டுவதே முறை. காப்பகங்களில் பயன்பாட்டு அனுமதியை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

5. பெயர்களை அவிழ்த்தல்

பதிவில் உள்ள ஆசிரியர் எழுதுபவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கிலிருந்து காக்க வேறொருவர் பெயர் இருக்கலாம். பாரதியே காளிதாசன், ஷெல்லிதாசன் எனப் புனைபெயர்களிலும் எழுதினார். ஆகவே பதிவுப் பெயர், உரிமையாளர், அச்சகம், எழுதியவர் என நான்கு கட்டங்கள் இட்ட அட்டவணை ஒன்று தேவை; சான்று கிடைக்காத கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாக விடவேண்டும்.

6. இணைத்து எழுதுதல்

இறுதியாக, ஒரே வாரத்து இதழையும் அவ்வார அறிக்கையையும் எதிரெதிரே வைத்து, அரசு எதை எடுத்தது, எதை விட்டது எனக் குறிக்க வேண்டும். விடுபட்டவற்றில்தான் இதழை யார் வாங்கினர், எப்படி நடத்தினர் என்னும் செய்திகள் பெரும்பாலும் இருக்கும். இம்முறை இலங்கைத் தமிழர் அயல்நாடுகளில் நடத்திய இதழ்களுக்கும் பொருந்தும். அவற்றில் பலவற்றை ‘நூலகம்’ மின்னூலகம் திரட்டி வருகிறது. ஆயினும் அவ்விதழ்களில் எழுதியோர் பலர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் உறவினர் தாயகத்தில் இருக்கக்கூடும் என்பதால், புனைபெயரை அவிழ்ப்பதற்கு முன் எழுதியவரின் ஒப்புதலைப் பெறுவது ஆய்வாளரின் கடமை.